ஆசீர்வாதம் ஐயா போட்ட கடைசிக் கோடு

நேற்று முன்தினம், வியாழக்கிழமை காலை, கஜக்கோல் ஆசீர்வாதம் ஐயா லிங்கராஜபுரத்தில் தம் வீட்டில் காலமானார். வயது எழுபத்தேழு. இரவு நன்றாகத் தூங்கியிருக்கிறார். விடிந்ததும் காப்பி கேட்டிருக்கிறார். காப்பி ஆற்றி எடுத்து வருவதற்குள் போய்விட்டார்.

செய்தி வந்தபோது நான் மண்டியில் கொள்ளு மூட்டை ஒன்றைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் மகள் கிரேஸம்மாள் அனுப்பிய ஜட்கா வண்டிக்காரன்தான் வந்து சொன்னான். அதைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையை மறைக்காமல் எழுதுகிறேன். "அப்ப ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டேன்.

வண்டிக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னா சாமி, மனுசன் செத்துட்டாருன்றேன், நீங்க கிழமை கேக்கறீங்க?"

ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அல்சூரில் கொள்ளும் தவிடும் விற்கும் முனிசாமி. ஐயா போட்ட கோட்டில் நின்று ஓடியவர்கள் கண்டோன்மெண்டில் இன்னும் பலர் இருக்கிறீர்கள். அவர் மகன் தானியேலைத் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விஷயத்தை எழுத்தில் தருகிறேன் என்று ஐயாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் போய்விட்டார் என்பதால் வாக்குத் தள்ளுபடி ஆகிவிடாது.

ஓட்டப் பந்தயம் அறியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். அரை மைல் என்பது எண்ணூற்று எண்பது கஜம். பரேட் மைதானத்தின் புல்லில் சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி இரண்டு சுற்று. எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் யார் ஜெயிப்பான் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். வேடிக்கை பார்க்க எவன் வருவான்? அதனால் ஹாண்டிகேப் என்று ஒரு முறை வைத்தார்கள். வேகத்தில் முதலானவன் கடைசிக் கோட்டில் நிற்பான். அதற்கு ஸ்கிராட்ச் என்று பெயர். மற்றவர்களுக்கு அவரவர் வேகத்துக்குத் தக்கபடி ஐந்து கஜம், இருபது கஜம், நாற்பது கஜம் என்று அவனுக்கு முன்னால் இடம். கோடு சரியாக விழுந்திருந்தால், இரண்டாம் சுற்று முடிவில் எல்லார் மார்பும் ஒன்றாகக் குறுக்கே கட்டிய நூலில் வந்து படவேண்டும். அப்படிப் படுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

யாருக்கு எத்தனை கஜம் என்று தீர்மானிக்கும் வேலைதான் ஐயாவுடையது. பிழைப்புக்கு சர்வே இலாகா. இது சம்பளமில்லாத வேலை. பந்தயத்தன்று காலை ஏழு மணிக்குள் இலாகாச் சங்கிலியை இழுத்து அளந்து முடித்துவிடுவார். ஒரு தடவை, கொஞ்சம் பொறுத்துச் செய்யலாமே, பனி காயட்டும் என்று யாரோ சொன்னார்கள். "வெயில் ஏறினா சங்கிலி நீளும். சங்கிலி நீண்டா ஒருத்தனுக்கு நியாயம் குறையும்" என்றார் ஐயா. அளந்த இடத்தில் மாமரக் கட்டையால் செய்த முளையை அடிப்பார். முளையின் தலையில் சிவப்புப் பெயிண்டில் கஜத்தின் எண் இருக்கும்.

அவரிடம் யாருடைய செல்வாக்கும் எடுபடாது. ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் தன் ஆர்டர்லிக்கு இருபத்தைந்து கஜம் போதாது, நாற்பது வேண்டும் என்று வந்து நின்றான். ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "போடறேன் சார். அந்தப் பதினஞ்சு கஜத்தை யார் கிட்டேயிருந்து எடுக்கறதுன்னு மட்டும் நீங்களே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க." கேப்டன் சிரித்துவிட்டுப் போனான். கோடு இருபத்தைந்திலேயே நின்றது.

வேகத்தை மறைத்து ஓடி அதிகக் கஜம் வாங்கப் பார்ப்பவர்களை அவர் எப்படிப் பிடிப்பார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். ஓட்டத்தைப் பார்க்கவே மாட்டார். நூலுக்கு அப்பால் போய் நின்றுகொண்டு, ஓடி முடித்தவர்களின் மார்பைப் பார்ப்பார். "ஓடும்போது எவனும் பொய் சொல்லலாம். ஓடி முடிச்ச ரெண்டு நிமிஷம் எவனாலயும் முடியாது" என்பார்.

என்னால் முடிந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எந்தக் குதிரைப் பட்டாளத்துக்குத் தீவனம் வேண்டுமோ அங்கே எந்த மண்டி ஆள் முதலில் போய் நிற்கிறானோ அவனுக்கு ஆர்டர். அப்படி ஓடி ஓடித்தான் எனக்கு ஓட்டம் வந்தது. அந்த வருஷம் அரை மைல் ஹாண்டிகேப்புக்குப் பரிசு ஒரு பிரெஞ்சுக் கடிகாரம், ஆள் இடுப்பு உயரம். அதை விற்றால் அல்சூரில் ஒரு சின்னக் கடைக்கு முன்பணம் கட்டலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். கோப்பை ஆசை, பெயர் ஆசை எதுவும் எனக்கு இல்லை. கடை வேண்டும்.

பெரிய பந்தயத்துக்கு முன்னால் அடுகோடிப் பக்கம் இரண்டு சின்னப் பந்தயங்கள் நடந்தன. ஐயா இரண்டுக்கும் வந்து பார்ப்பார் என்று தெரியும். இரண்டுக்கும் முன்னால் அரை மணி நேரம் இருக்கும்போது, மூலையில் கூழ் விற்கும் பொம்பளையிடம் ராகிக் கூழ் மூன்று சொம்பு வாங்கிக் குடித்தேன். வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடினால் எவன் வேகமாக ஓடுவான்? நிஜமாகவே மெதுவாக ஓடினேன். நிஜமாகவே நாலாவதாக வந்தேன். நிஜமாகவே நூலுக்கு அப்பால் மண்டியிட்டு ஐயாவின் பூட்சுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். என் மார்பு பொய் சொல்லவில்லை. ஐயா குனிந்து என் முதுகைத் தடவிவிட்டு, "பாவம், முழுசா ஓடறான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பெரிய பந்தயத்துக்கு எனக்கு முப்பத்தெட்டு கஜம் விழுந்தது.

ஸ்கிராட்சில் தானியேல். எந்த வருஷமும் அவன்தான். அப்பா கோடு போடும் இடத்தில் மகனுக்கு ஒரு கஜம் கூடக் கிடைக்காது என்று ஊரே கேலி செய்யும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அன்று என் முளையைத் தாண்டித் தன் கோட்டுக்கு நடந்தவன் என்னருகில் நின்று, முளையின் எண்ணைப் பார்த்து, "முப்பத்தெட்டா? கூழு நல்லா வேலை செஞ்சிருக்கே" என்றான்.

"இன்னா சொல்றே?" என்றேன்.

"நானும் விடியக்காலையில ஏரிக்கரையிலதான் ஓடறேன், முனிசாமி. உன்னைப் பார்த்திருக்கேன். அடுகோடியில கூழு விக்கற பொம்பளை கிட்டேயும் பார்த்தேன். இன்னிக்குக் குடிக்கலையா?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. முள் வைத்த ஷூ போட்டிருந்தான், நான் வெறுங்கால். அவன் நடந்து போகும்போது புல் சரக் சரக்கென்று பிய்ந்தது.

துப்பாக்கி வெடித்தது. என் கணக்கு இதுதான்: இருபது கஜத்தில் ஜெயித்தால் திருட்டு வெளியே தெரிந்துவிடும், இரண்டு மூன்று கஜத்தில் ஜெயிக்க வேண்டும். அதனால் முதல் சுற்று முழுக்க அடக்கி ஓடினேன். இரண்டாம் சுற்றின் எதிர்ப்பக்கத்திலும் அடக்கியே ஓடினேன். எனக்கு முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன், சிரமப்படுகிறவன் மாதிரி தோளை ஆட்டிக்கொண்டு. கடைசி வளைவு திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டது. சரக் சரக்கென்று புல் பிய்கிற சத்தம். தூரத்தில் கேட்டது, அடுத்த மூச்சில் பக்கத்தில் கேட்டது. அவன் அவ்வளவு வருவான் என்று நான் நினைக்கவே இல்லை. அப்போதுதான் நிஜமாக ஓட ஆரம்பித்தேன். அரை மைலின் கடைசி முப்பது கஜத்தில் கால் தன்னுடையதாக இருக்காது. கோணிச் சாக்கை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். சத்தம் என் வலது முழங்கைக்கு வந்துவிட்டது. அவன் மூச்சு என் கழுத்தில் சுட்டது. நூல் என் மார்பில் அறுந்தது.

அரை கஜம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

தானியேல் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றான். தலையைத் தூக்காமலே கேட்டான்: "சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.

"சரி" என்றான். கை கொடுத்துவிட்டுப் போனான்.

கடிகாரத்தை அந்த வாரமே விற்றேன். கடை வந்தது. இன்று என்னிடம் இருப்பதெல்லாம் அதிலிருந்து முளைத்ததுதான். மறு வருஷம் யுத்தம் வந்தது. தானியேல் பட்டாளத்தில் பெயர் கொடுத்து, தபால் கொண்டுபோகும் வேலையில் பஸ்ராப் பக்கம் போனான். வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தது. எப்படி, எங்கே என்று அதில் இல்லை.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு மத்தியானம் ஐயா என் கடைக்கு வந்தார். கொள்ளு வாங்க அவருக்குக் குதிரை கிடையாது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"முனிசாமி, உன் கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும். எனக்காக இல்ல, என் பையன் டேனிக்காக."

"இன்னாத்துக்குங்க ஐயா?"

"அந்த ரேசுக்கு முந்தின ராத்திரி என் கிட்ட வந்து, 'முனிசாமிக்கு முப்பத்தெட்டு ரொம்ப ஜாஸ்திப்பா, அவன் கூழு குடிச்சு ஏமாத்தறான்'னு சொன்னான். வேற யார் பையனாவது சொல்லியிருந்தா நான் போய் விசாரிச்சிருப்பேன். என் பையன் வாய்ச்சொல்ல நம்பி இன்னொருத்தன் கோட்டை எப்படிக் குறைக்கறது? முடியாதுன்னுட்டேன். மறுநாள் அரை கஜத்துல வந்துச்சு. அந்த மாதிரிக் கோடு எனக்கு வாழ்நாள்ல விழுந்ததே இல்ல. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல அவங்கம்மா எதிர்ல சொன்னேன், 'பாத்தியா, கோடு சரி. நீ ஒரு ஏழைப் பையன் மேல வீண்பழி போட்டே'ன்னு. அவன் தட்டுல இருந்ததைச் சாப்பிட்டு முடிச்சுட்டு எழுந்து போனான். அந்தப் பழியோட அவன் போகக் கூடாது. நீ மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

நான் எவ்வளவோ பேரம் பேசியிருக்கிறேன். ஈரத் தவிட்டைக் காய்ந்த தவிடு என்று விற்றிருக்கிறேன். ஆனால் என் வாழ்நாளில் நான் செய்த ஈனமான வியாபாரம் அடுத்த நிமிஷத்தில் நடந்தது. "பரவாயில்லைங்க ஐயா. சின்ன வயசு, ஏதோ சொல்லிட்டாரு. நான் மன்னிச்சுட்டேன்" என்றேன். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பக்கத்துக் கடையிலிருந்து சோடா வரவழைத்துக் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அன்று சாயங்காலம் கிட்டங்கியில் மூட்டைச் சந்துக்குள் போகும்போது, பின்னால் புல் பிய்கிற சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரை. புல்லுக்கு அங்கே என்ன வேலை? பெருச்சாளி என்று நினைத்தேன். பூனை வாங்கி விட்டேன். பூனை நன்றாகத்தான் வேலை செய்தது. சத்தம் நிற்கவில்லை. பட்டப்பகலில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், வலது முழங்கைக்குப் பின்னால் கேட்கும். நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வரும். ஒரு நாளும் என்னைத் தாண்டிப் போனதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படி. வைத்தியரிடம் காட்டினேன், காதில் அழுக்கு இல்லை என்றார்.

இந்த இருபது வருஷமும் ஐயா சனிக்கிழமை தோறும் கடைக்கு வந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டி, "என் கோடு சரின்னு ஓடிக் காமிச்சவன் இவன்தான்" என்பார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு அரை கஜம்தானே, அதையும் பிடுங்குவானேன் என்று விட்டுவிடுவேன். தயவு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பயம் என்பதுதான் சரியான பெயர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, துணியில் சுற்றிய ஒரு கட்டையைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். பிரித்தால், பழைய முளை. தலையில் சிவப்புப் பெயிண்டில் முப்பத்தெட்டு.

"எனக்கு ரொம்ப நாள் இல்ல, முனிசாமி. இதை யார் கிட்டக் குடுக்கறதுன்னு யோசிச்சேன். உன்னைத் தவிர யாரு?"

அதைக் கையில் வாங்கினேன். எடையே இல்லை. பின்னால் சத்தம் கேட்டது, முழங்கைக்குப் பக்கத்தில். நின்ற நிலையில் சொல்லிவிட்டேன். கூழ், மூன்று சொம்பு, இரண்டு பந்தயம். பெரிய பந்தயத்தில் அடக்கி ஓடியது. அந்த அரை கஜம் அவர் கோட்டால் வந்ததல்ல, என் நடிப்பால் வந்தது என்பது. தானியேல் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்பது. முழங்கைக்குப் பின்னால் கேட்கும் சத்தத்தைக்கூட விடவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். ஆடிக்கொண்டிருந்த தராசின் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு, இலாகாவில் கேட்கிற குரலில் கேட்டார்:

"கூழு இல்லாம, அடக்காம, அப்போ உன் நிஜ டைம் என்னா?"

"ஏரிக்கரையில அளந்து ஓடினது, ரெண்டு நிமிஷம் நாலு செகண்டுங்க."

"யாரு வாட்ச்?"

"முதலாளிது. கேக்காம எடுத்தது."

"டேனிக்கு அன்னிக்கு ரெண்டு நிமிஷம் ரெண்டரை செகண்டு. நானே பிடிச்சேன்." கண்ணை மூடி உதட்டுக்குள் எதையோ பெருக்கினார். "பதினொன்னு. உனக்குப் பதினொரு கஜம்தான் நியாயம்."

மூட்டைக்கு நம்பர் போடுகிற பிரஷும் மைக் கிண்ணமும் மேஜையில் இருந்தன. பிரஷை எடுத்தார். முளையின் மேல் முப்பத்தெட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் பதினொன்று என்று எழுதினார். மை காயும்வரை ஊதினார்.

"பதினொன்னு போட்டிருந்தா யாரு ஜெயிச்சிருப்பீங்க?" என்று கேட்டார்.

"தெரியலீங்க ஐயா."

"எனக்கும் தெரியல. அப்போ அந்த ரேஸ் இன்னும் ஓடலையே."

முளையை என் பக்கம் தள்ளினார்.

"ஓடணும்" என்றார். "ஞாயித்துக்கிழமை காலையில பட்டாளம் சர்ச்சுக்குப் போயிடும், மைதானம் காலியா இருக்கும். நான் ஒரு வாரம் ஆராதனைக்குப் போகலன்னா ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். நான் வாட்ச் பிடிக்கறேன். அவன் டைமை வாட்ச் முள்ளுல பாத்துக்கலாம். நீ ஓடு."

எனக்கு ஐம்பது வயது. தொப்பை இருக்கிறது, இடது முழங்காலில் வாயு. வியாபாரி புத்தி எங்கே போகும்? "வயசுக்கு ஏதாவது சேத்துப் போடுங்க ஐயா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "செத்தவனுக்கு எத்தனை கஜம் போடணும்னு நீ சொல்லு. அப்புறம் உனக்குப் போடறேன். சும்மா பேரம் பேசாதே."

பேரம் அதோடு முடிந்தது. கால் கொஞ்சம் பழகட்டும் என்று நாலு வாரம் தவணை மட்டும் கொடுத்தார். தானியேல் சொன்னது உண்மை என்று அவனை அறிந்தவர்களுக்கு எழுத்தில் தர வேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். அந்த நாலு வாரமும் ஏரிக்கரையில் நடந்தேன், பிறகு மெள்ள ஓடினேன். அந்த நாலாவது ஞாயிறு நாளைக்கு.

நேற்று அடக்கம் முடிந்ததும் கிரேஸம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தானியேலுக்கு மூன்று வயது இளையவர், தலை நரைத்துவிட்டது. கேட்டுவிட்டு, "எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டான்னு அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. அப்பாதான் வாயை மூடும்பாரு" என்றார். பிறகு உள்ளே போய் வாட்சைக் கொண்டுவந்தார். "புதன்கிழமை இதை எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரலைன்னாரு. எனக்குப் பயமாப் போச்சு, அப்பா எப்பவும் அப்படிச் சொன்னதே இல்ல. இப்பத்தான் புரியுது."

"யாரும்மா பிடிக்கறது?" என்றேன்.

"நான் பிடிக்கறேன். சின்ன வயசுல எத்தனை தடவை பிடிச்சிருக்கேன்."

"என் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு" என்றார் கிரேஸம்மாள். "ஏழு மணிக்கு வந்துடுங்க."

ஐயாவுக்குக் கொடுத்த வாக்கில் ஒரு பாதி, தானியேல் சொன்னது உண்மை என்று அவனை அறிந்தவர்களுக்குத் தெரியப்படுத்துவது. அது இதோடு முடிந்தது. படித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். இன்னொரு பாதி நாளைக் காலை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த முளையும், நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளும்தான். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். அரை மைல், இரண்டு சுற்று. கூழ் கிடையாது. தானியேல் ஸ்கிராட்சில். எனக்குப் பதினொரு கஜம். பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது.